கால் சொல்லும் கணக்கு

தமிழில் 'அடி' என்னும் சொல்லைப்போல் ஓயாது உழைக்கும் சொல் வேறொன்று உண்டோ என்பது ஐயமே. பாதத்தை அடி என்கிறோம். பன்னிரண்டு அங்குலத்தையும் அடி என்கிறோம். மரம் தொடங்கும் இடமும் அடி, பானை முடியும் இடமும் அடி. செய்யுளின் வரிக்கு அடி என்று பெயர். பறையிசைக் கலைஞர் தாம் முழக்கும் ஒவ்வொரு தாளவகையையும் அடி என்றே குறிக்கின்றனர். அந்த அடிக்கு ஏற்பவே அவர்தம் கால்களும் அடி பெயர்க்கின்றன. வடமொழியாளரும் செய்யுளின் காற்பங்கைப் 'பாதம்' என்றனர். பழங்காலக் கிரேக்கரோ இன்னும் ஒருபடி மேலே சென்றனர். செய்யுளின் சிற்றளவுக்குக் 'கால்' என்று பெயரிட்டதோடு அமையாமல், அவ்வளவினுள்ளே கால் மேலெழும் பகுதிக்கு ஒரு பெயரும், கால் தரையில் ஊன்றும் பகுதிக்கு மற்றொரு பெயரும் வைத்தனர். ஆடிக்கொண்டே பாடிய மக்கள் வேறு எப்படிப் பெயர் வைத்திருக்க முடியும்?

ஆயினும் கைக்கு நாம் தரும் மதிப்பைக் காலுக்குத் தருவதில்லை. கைத்திறன் என்போம், கைவண்ணம் என்போம், தேர்ந்தவரைக் கைதேர்ந்தவர் என்போம். 'கால்தேர்ந்தவர்' என்று எவரையும் பாராட்டி நாம் கேட்டதில்லை. சிறுவனுக்குக் கிரிக்கெட் ஆசை வந்ததும் தந்தை முதலில் வாங்கித் தருவது மட்டை. பயிற்சிக்குச் சேர்த்த இடத்தில் முதல் இரண்டு வாரம் மட்டையைத் தொடவிடாமல், கோட்டுக்கு முன்னும் பின்னும் அடியெடுத்து வைக்கச் சொன்னால், "கொடுத்த பணத்துக்கு இதுதானா?" என்று வீட்டில் முணுமுணுப்பு எழுகிறது. அந்த இரண்டு வாரத்துப் பாடம் என்ன என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம். ஆங்கிலத்தில் அதை 'ஃபுட்வொர்க்' என்பர். விளையாட்டிலும் நடனத்திலும் இசையிலும் அது ஒருசேர வழங்கும் சொல்.

முன்னா, பின்னா?

கிரிக்கெட்டில் இரு விக்கெட்டுகளுக்கும் இடைவெளி 22 கஜம். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் எறியப்படும் பந்து மட்டையாளரை வந்தடைய அரை நொடிகூட ஆவதில்லை. அதற்குள் அவர் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும்: முன்னங்காலைப் பந்து விழும் இடத்துக்கு நீட்டி அது துள்ளுமுன் சந்திப்பதா, பின்னங்காலில் சாய்ந்து துள்ளியபின் சந்திப்பதா? முழுமையாக முன்னே சென்றவனுக்கும் பிழைக்க வழி உண்டு. முழுமையாகப் பின்னே சென்றவனுக்கும் உண்டு. பாதிவழியில் நின்றவனைத்தான் பந்து தேடிப் பிடிக்கிறது. கை எவ்வளவு நேர்த்தியாக வீசினாலும், உடலின் பாரம் தவறான காலில் இருந்தால் அந்த வீச்சுக்கு வலிமையும் இராது, திசையும் இராது. கால் சரியான இடத்தில் ஊன்றிவிட்டால், கைக்குச் செய்ய வேண்டியது மிகக் குறைவு.

இதற்குச் சான்றாக சுனில் கவாஸ்கரை விடப் பொருத்தமானவர் இலர் என்பது நம் கருத்து. உயரம் ஐந்தடி ஐந்து அங்குல அளவே. 1971-ஆம் ஆண்டு மேற்கிந்தியத் தீவுகளில் தம் முதல் தொடரில், நான்கே டெஸ்டு ஆட்டங்களில் 774 ஓட்டங்கள் குவித்தார். 1987-இல் டெஸ்டு வரலாற்றில் பத்தாயிரம் ஓட்டங்களை எட்டிய முதல் மனிதரானார். இந்த எண்களெல்லாம் பலரும் அறிந்தவை. ஆனால் நாம் நினைவுகூர விரும்புவது அவர் ஆடிய கடைசி டெஸ்டு இன்னிங்ஸ். 1987 மார்ச்சு மாதம் பெங்களூரில் பாகிஸ்தானுக்கு எதிராக, ஆடுகளம் புழுதியாகப் பெயர்ந்துவிட்ட நிலை. சுழற்பந்து எந்தப் பக்கம் திரும்பும், எவ்வளவு எழும் என்று எவராலும் சொல்ல இயலாது. மற்றவர்கள் வரிசையாக வீழ்ந்துகொண்டிருக்க, அவர் பந்து விழும் இடத்துக்கே சென்று அதன் சுழற்சியை மடக்கியும், இயலாதபோது இறுதி நொடிவரை பின்னே காத்திருந்தும் 96 ஓட்டங்கள் எடுத்தார். சதமும் கிட்டவில்லை; இந்தியா 16 ஓட்டங்களில் தோற்றது. எனினும் அவருடைய முப்பத்து நான்கு சதங்களில் பலவற்றை மறந்தோரும் அந்த 96-ஐ மறப்பதில்லை.

பூப்பந்தாட்டத்தில் (பாட்மிண்டன் என்றால்தான் இளையோருக்கு விளங்கும்) கால்களின் வேலை இன்னும் கடுமையானது. ஒற்றையர் ஆட்டத்தில் ஒருவர் காக்க வேண்டிய பரப்பு 22 அடி நீளம், 17 அடி அகலம். ஒரு சிறிய வீட்டின் கூடத்தையும் தாழ்வாரத்தையும் சேர்த்த அளவுதான். ஆனால் இறகுப்பந்து அதன் ஆறு மூலைகளில் எதில் விழும் என்பது முன்கூட்டித் தெரியாது. எனவே நல்ல ஆட்டக்காரர் ஒவ்வோர் அடிக்குப் பின்னும் நடுவிடத்துக்குத் திரும்பிவிடுவார். எதிராளியின் மட்டை பந்தைத் தொடும் கணத்தில் இரு பாதங்களும் தரையை விட்டு ஓர் அங்குலம் எழும்பி இறங்கும். பார்ப்பவர் கண்ணில் படாத சிறு குதிப்பு அது. இறங்கும்போது கால் தசைகள் வில்லின் நாண்போல் இழுபட்டிருப்பதால், எப்பக்கமும் உடனே பாய இயலும். நின்ற நிலையிலிருந்து புறப்படுபவன் இந்தக் குதிப்பினால் கிடைக்கும் நொடிப்பகுதியை இழந்து, வாழ்நாளெல்லாம் ஓரடி பின்தங்கியே ஓடிக்கொண்டிருப்பான்.

1980-ஆம் ஆண்டு இலண்டனில் பிரகாஷ் படுகோன் அகில இங்கிலாந்துப் பட்டத்தை வென்றபோது, எதிரே நின்றவர் இந்தோனேசியாவின் லீம் சுவீ கிங். முந்தைய இரண்டு ஆண்டுகளும் அப்பட்டத்தை வென்றவர். துள்ளி எழுந்து இடியென அடிப்பதில் இணையற்றவர். அவரை 15-3, 15-10 என்னும் கணக்கில் பிரகாஷ் தோற்கடித்தது வன்மையால் அன்று. பந்தை மெதுவாக வலையோரம் வைப்பதும், உயரத் தூக்கிப் பின்கோட்டுக்கு அனுப்புவதுமாக, எதிராளியின் கால்களைத்தான் அவர் தாக்கினார். கால் ஒருமுறை தடுமாறிவிட்டால் அந்த இடிபோன்ற கை என்ன செய்யும்? இந்த வீரர் இளமையில் பழகியது பெங்களூரில் ஒரு திருமண மண்டபத்தில்! முகூர்த்த நாள்களில் அங்கே ஆட்டம் இல்லை.

நம் மண்ணின் சடுகுடுவும் கால் நுட்பத்தில் சளைத்ததன்று. இன்றைய கபடி விதிப்படி ஆடவர் ஆடுகளத்தின் ஒவ்வொரு பாதியும் ஆறரை மீட்டர் ஆழம். பாடிச் செல்பவர் நடுக்கோட்டிலிருந்து மூன்றேமுக்கால் மீட்டர் தொலைவிலுள்ள கோட்டைத் தாண்டியாக வேண்டும். அதற்கும் ஒரு மீட்டர் அப்பால் உள்ள போனஸ் கோட்டுக்குள் ஒரு காலை வைத்து, அந்நேரம் மறு காலை அந்தரத்தில் வைத்திருந்தால் தனிப்புள்ளி. ஏழு பேர் சூழ்ந்து காலைப் பிடிக்கக் காத்திருக்கும் இடத்தில், மூச்சடக்கிப் பாடியவாறு, ஒற்றைக் காலில் நிற்கத் துணிவதற்கு உலகில் வேறெந்த விளையாட்டு பரிசு தருகிறது என்று நமக்குத் தெரியவில்லை. சிலம்பத்தில் பல ஆசான்கள் கால்வரிசை படியும் வரையில் மாணாக்கனிடம் கம்பைத் தருவதேயில்லை. காலடிகளால் களத்தை வளைத்துச் சுற்றுவதை 'வீடு கட்டுதல்' என்பர். சுவர் இல்லை, கூரை இல்லை. ஆனால் எதிரி அந்த வீட்டுக்குள் நுழைய முடியாது.

ஆடாத கால்

குத்துச்சண்டை வன்முறை விளையாட்டு. பிள்ளைகளை அதற்கு அனுப்ப நாம் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டோம். எனினும் முகமது அலியின் கால்களைப் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரையை எழுத இயலாது. 1964 பிப்ரவரியில், இருபத்திரண்டு வயதில், சோனி லிஸ்டன் என்னும் பேருருவத்தை அவர் வென்றது கால்களால். வளையத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். குத்து வரும் இடத்தில் அவர் இல்லை. பின்னர், வியத்நாம் போருக்குப் படையில் சேர மறுத்ததற்காக 1967-இல் பட்டம் பறிக்கப்பட்டு, மூன்றாண்டுகளுக்கு மேல் வளையத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டார். திரும்பி வந்தபோது கைகளின் வேகம் இருந்தது. கால்களின் இளமை போய்விட்டிருந்தது.

1974-ஆம் ஆண்டு அக்டோபர் 30 அன்று, ஆப்பிரிக்காவின் கின்ஷாசா நகரில், தம்மை விட இளையவரும் வலியவருமான ஜார்ஜ் ஃபோர்மனை அவர் எதிர்கொண்டார். அலி பழையபடி ஆடிச் சுற்றுவார் என்று உலகம் எதிர்பார்த்தது. அவரோ ஆடவில்லை. கயிற்றில் சாய்ந்து நின்று, முகத்தைக் கைகளால் மறைத்து, ஃபோர்மனை அடிக்கவிட்டார். வளையத்தைச் சுற்றி ஓடினால் தம் கால்கள் பாதி வழியில் தளரும் என்பதை அவர் கணக்கிட்டிருந்தார். எட்டாம் சுற்றில் அடித்தே களைத்துப் போன ஃபோர்மன் வீழ்ந்தார். கால் நகர்வில் எப்போது நகரக் கூடாது என்பதும் அடங்கும். தம் கால்களை இழந்த பின்னரே அலி அதைக் கற்றார் போலும்.

இன்னொரு கால்களின் கதை பிரேசில் நாட்டுக் கரிஞ்சாவினுடையது. பிறவியிலேயே இரு கால்களும் கோணலானவை: ஒன்று உள்நோக்கியும் மற்றொன்று வெளிநோக்கியும் வளைந்தவை, ஒன்று மற்றதை விடக் குட்டை. நேரே நிற்பதே கடினம் என்று தோன்றும் அக்கால்களோடு 1958, 1962 ஆகிய இரு உலகக் கோப்பைகளை வென்ற அணியில் அவர் ஆடினார். 1962-இல் பெலே இரண்டாம் ஆட்டத்திலேயே காயமுற்று விலக, அணியைத் தோளில் சுமந்தவர் கரிஞ்சாதான். அவருடைய தந்திரம் ஒன்றே ஒன்று. இடப்பக்கம் சாய்வதுபோல் காட்டி வலப்பக்கம் பாய்வார். தடுப்பவருக்கும் அது தெரியும். அரங்கில் அமர்ந்திருப்போர் அனைவருக்கும் தெரியும். இருந்தும் ஏமாந்தனர். வளைந்த கால்களில் பாரம் எந்தக் காலிலிருந்து எந்தக் காலுக்கு மாறுகிறது என்பதை நேர்க்கால்களைப் பார்த்துப் பழகிய கண்களால் கணிக்க முடியவில்லை. பெலேயும் அவரும் சேர்ந்து களமிறங்கிய எந்தச் சர்வதேச ஆட்டத்திலும் பிரேசில் தோற்றதில்லை. மதுப்பழக்கம் அவரை 1983-இல், நாற்பத்தொன்பதே வயதில், கொண்டு சென்றது.

தட்டுக்கழியின் முன்

விளையாட்டில் கால் ஒலி செய்யாதிருப்பது நலம். நடனத்தில் கால் ஒலித்தாக வேண்டும். பரதநாட்டியம் பயிலச் செல்லும் சிறுமி முதல் நாள் கற்பது முத்திரையும் அன்று, முகபாவமும் அன்று. முழங்கால்களை வெளிப்புறமாக மடக்கிப் பாதி அமர்ந்த நிலையில், அதாவது அரைமண்டியில், நிற்கக் கற்கிறாள். பிறகு தட்டடவு: பாதத்தைத் தூக்கி, உள்ளங்கால் முழுவதும் ஒருசேரத் தரையில் படும்படி தட்டுதல். நட்டுவனார் மரப்பலகையில் தட்டுக்கழியால் தட்டிச் சொற்கட்டைச் சொல்ல, அதே அடவை முதற்காலத்தில் ஒரு முறை, இரண்டாம் காலத்தில் இருமடங்கு, மூன்றாம் காலத்தில் நான்மடங்கு விரைவில் செய்ய வேண்டும். தாளம் மாறாது, கால்தான் அதனுள்ளே பெருகும். நாட்டடவில் காலை நீட்டிக் குதிகாலை நாட்டுவர். குதித்து மெட்டும் அடவில் முன்பாதத்தில் எழும்பிக் குதிகாலைத் தட்டுவர். இந்த அடவு வரிசைகளையும் பயிற்சி முறையையும் பெருமளவு ஒழுங்குபடுத்தித் தந்தவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த தஞ்சை நால்வர் எனப்படும் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற உடன்பிறப்புகள்.

இங்கே பெற்றோர்க்கு ஒரு செய்தி. "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்னும் பழமொழியால் நாம் கூடத்தின் மேல் சொல்லும் குறைகளையெல்லாம் சிரித்துத் தள்ளப் பழகிவிட்டோம். ஆனால் கூடத்தின் தரை உண்மையிலேயே பார்க்கத் தக்கது. முன்னாளில் ஆடியது மண்தரையிலும், சாணம் மெழுகிய தரையிலும், மரப்பலகை மேடையிலும். அவை தட்டும் அடியில் ஒரு பங்கைத் தாமே வாங்கிக்கொள்ளும். இன்று பல வகுப்புகள் நடப்பது மாடி வீடுகளின் சிமெண்டுத் தரையிலும் பளபளக்கும் கல்தரையிலும். அவை எதையும் வாங்கிக்கொள்வதில்லை. தட்டிய அடி முழுவதும் முழந்தாளுக்கும் முன்காலெலும்புக்கும் முதுகுக்கும் திரும்பி வருகிறது. பிள்ளை முன்காலெலும்பில் வலி என்று சொன்னால் அது சோம்பல் என்று எண்ணி மேலும் தட்டச் சொல்வது தவறு. ஓய்வு கொடுத்தும் வலி நீங்காவிடில் மருத்துவரிடம் காட்ட வேண்டும். எலும்பில் மயிரிழை போன்ற விரிசல் இருக்கக் கூடும். அரங்கேற்றத்துக்குப் பட்டும் நகையும் சேர்க்கும் வீட்டார், அந்தச் செலவில் ஒரு சிறு பங்கை வகுப்பறைக்கு மரத்தளம் இட உதவினால், பிள்ளைகளின் முழங்கால்கள் அவர்களை நன்றியோடு நினைக்கும்.

காலே இல்லாமற் போனால்? 1981-ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் நேர்ந்த ஒரு பேருந்து விபத்தில் காயமுற்ற சுதா சந்திரன் என்னும் இளம் நடனமணியின் வலக்கால், புண் அழுகியதால், முழங்காலுக்குக் கீழே நீக்கப்பட்டது. அப்போது அவர் பள்ளிப் பருவத்தைத் தாண்டும் வயதினர். ஜெய்ப்பூரில் ராமச்சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி. கே. சேத்தியும் 1960-களின் இறுதியில் உருவாக்கிய செயற்கைக் கால் அவருக்குப் பொருத்தப்பட்டது. மேல்நாட்டுச் செயற்கைக் கால்கள் காலணிக்குள் மறைந்து நடப்பதற்கென்று செய்யப்பட்டவை. ஜெய்ப்பூர்க் காலோ ரப்பரால் ஆனது, பாதம் வளையும், வெறுங்காலோடு வயலில் நடக்கலாம், சம்மணமிட்டு அமரலாம். அந்த இந்தியத் தேவைகளுக்காகச் செய்த கால், இந்திய நடனத்துக்கும் பொருந்தியது. இருப்பினும் ரப்பர்ப் பாதத்துக்குத் தரை தெரியாது. தட்டிய இடம் சரிதானா என்பதைத் தோல் சொல்லாத நிலையில், தொடைத் தசையும் காதும் சொல்லப் பழக வேண்டும். தட்டும்போது காலின் எஞ்சிய பகுதியில் இரத்தம் கசிந்ததுண்டு என்று அவரே பல பேட்டிகளில் கூறியுள்ளார். 1984-இல் மும்பையில் மீண்டும் மேடையேறினார். அவர் கதையை ஒட்டி 1985-இல் வெளிவந்த 'மயூரி' திரைப்படத்தில் அவரே நடித்தார். அப்படத்தைப் பார்த்தோர் பலரும் கண்ணீரைப் பற்றிப் பேசினர். நாமோ அந்த இரண்டரை ஆண்டுக் கணக்கைப் பற்றியே எண்ணுகிறோம். தட்டடவு முதற்காலத்திலிருந்து, மறுபடியும்.

முரசைப் பறித்தால்

அமெரிக்காவில், தென் கரோலினா மாநிலத்தில், 1739-ஆம் ஆண்டு கறுப்பின அடிமைகள் முரசறைந்து ஆள்திரட்டிக் கிளர்ந்தெழுந்தனர். கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது. மறு ஆண்டே கொண்டுவந்த சட்டம் அடிமைகள் முரசு வைத்திருப்பதைத் தடை செய்தது. முரசைப் பறிக்கலாம், பாதத்தைப் பறிக்க இயலுமா? தாளம் கைத்தட்டலுக்கும் தொடைத்தட்டலுக்கும் காலடிக்கும் குடிபெயர்ந்தது. அவர்களுடைய செபக் கூட்டங்களில் வட்டமாகச் சுற்றியவாறு பாதங்களைத் தரையோடு இழைத்து நகரும் வழக்கம் தோன்றியது. ஒரு காலை மற்றொரு காலின் குறுக்கே வைக்கக் கூடாது என்பது அதன் கண்டிப்பான விதி. குறுக்கே வைத்தால் அது நடனம், நடனம் பாவம். வைக்காவிட்டால் அது வழிபாடு! இந்த நுட்பத்தை நாம் எள்ளி நகையாடவில்லை. முரசும் இன்றி, மொழியும் பறிபோன மக்கள் இறைவன் முன் அசைவதற்குக் கண்டுபிடித்த வழி அது.

பின்னர், பசியால் புலம்பெயர்ந்த அயர்லாந்து மக்களின் நடனமும் கறுப்பினத்தாரின் தாளமும் நியூயார்க்கின் ஏழைத் தெருக்களில் சந்தித்தன. 1842-இல் அந்நகருக்கு வந்த நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் அங்கே ஒரு கறுப்பின இளைஞரின் ஆட்டத்தைக் கண்டு வியந்து எழுதியிருக்கிறார். காலணியின் அடியில் உலோகத் தகடு பொருத்தி ஆடும் 'டாப்' நடனம் இந்தக் கலப்பில் பிறந்தது. தரையே அதற்கு மத்தளம். அதே மரபின் பேரப்பிள்ளை என்று சொல்லத்தக்க ஒன்று சிகாகோ நகரின் கறுப்பினக் குடியிருப்புகளில் 1990-களில் உருவாயிற்று. அதற்குப் பெயரே 'ஃபுட்வொர்க்'. இளைஞர்கள் வட்டமாக நின்று, ஒருவர் பின் ஒருவராக நடுவில் இறங்கிக் கால்விரைவில் போட்டியிடுவர். அந்தக் கால்களுக்கென்றே நிமிடத்துக்கு 160 துடிப்பு வேகத்தில் இசை அமைத்தனர். இசைக்கேற்ப ஆடுவது உலக வழக்கம். இங்கே காலுக்கேற்ப இசை வேகமெடுத்தது. நம் செவிக்கு அது இனிமையாக இல்லை என்பதை ஒளிப்பானேன்? கால்களைக் காணும்போது மட்டும் கண்ணை எடுக்க இயலவில்லை.

மிதிகட்டை

இசைக் கருவிகளில் கால் வேலை செய்வது நம் ஆலயங்களில் பலரும் கண்ட காட்சியே. காலால் மாறி மாறி மிதிக்கும் பழைய ஆர்மோனியத்துக்கு மூச்சு தருவது வாசிப்பவரின் கால்கள். 1842-இல் பாரிசில் உரிமம் பெற்ற அக்கருவி இந்தியாவுக்கு வந்தபின், தரையில் அமர்ந்து பாடும் நம் வழக்கத்துக்கேற்ப, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கல்கத்தாவில் கையால் துருத்தி இயக்கும் சிறு பெட்டியாக மாற்றப்பட்டது. கால் ஓய்வு பெற்றது. ஒரு கையின் வேலை போயிற்று. இரு கைகளாலும் வாசிக்க முடிந்த கருவியை ஒரு கைக்குச் சுருக்கியது இலாபமா நட்டமா என்பது இசைவாணர் முடிவு செய்ய வேண்டியது.

பெரிய குழாய் ஆர்கனிலோ கால் துருத்தி மிதிப்பதில்லை, பண்ணையே இசைக்கிறது. கீழே முப்பது அல்லது முப்பத்திரண்டு மரக்கட்டைகள் வரிசையாக இருக்கும். மெல்லிய அடித்தோல் கொண்ட காலணி அணிந்து, குனிந்து பாராமல், விரல்புறத்தாலும் குதிகாலாலும் அவற்றை மிதித்து ஆழ்ந்த கீழ்ச்சுரங்களை எழுப்ப வேண்டும். யோகான் செபாஸ்தியான் பாக் 1732-இல் ஜெர்மனியின் காசல் நகரில் ஓர் ஆர்கனைச் சோதிக்கச் சென்றபோது, கால்களால் மட்டுமே அவர் வாசித்ததைக் கேட்ட இளவரசர் தம் விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றி அளித்தாராம். கால்களுக்கே இது பரிசானால் கைகளையும் சேர்த்திருந்தால் என்ன கொடுத்திருப்பார் என்று அக்காலத்தவர் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார்.

ஸ்காத்லாந்தைச் சேர்ந்த ஈவ்லின் கிளென்னி அம்மையாரின் கால்கள் வாசிப்பதில்லை, கேட்கின்றன. எட்டு வயதில் செவித்திறன் குறையத் தொடங்கி, பன்னிரண்டு வயதுக்குள் ஏறக்குறைய முற்றிலும் போயிற்று. இசைக் கல்லூரிக்குத் தகுதியற்றவர் என்று எண்ணியோரின் கருத்தை மாற்றி, உலகம் சுற்றும் முதல்தரத் தாளவாத்தியக் கலைஞரானார். மேடையில் காலணி அணிவதில்லை. கீழ்ச்சுரங்களின் அதிர்வைப் பாதத்திலும் கால்களிலும், மேற்சுரங்களை முகத்திலும் கழுத்திலும் உணர்கிறார். 2012-இல் இலண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் முரசு முழக்கிய குழுவின் முன்னணியில் அவரைப் பலர் தொலைக்காட்சியில் கண்டிருப்பர்.

வழிபாட்டில் காலடி என்றதும் நினைவுக்கு வருவது லக்சம்பர்க் நாட்டின் எக்டர்னாக் பட்டணம். தூய வில்லிபிரார்து கல்லறை அங்குள்ளது. பெந்தகோஸ்துக்கு அடுத்த செவ்வாயன்று, வெண்ணிறக் கைக்குட்டைகளின் முனைகளைப் பற்றி வரிசை வரிசையாக இணைந்து, ஒரே மெட்டுத் திரும்பத் திரும்ப ஒலிக்க, மக்கள் இடமும் வலமும் துள்ளியவாறு கோவிலுக்குப் பவனி செல்கின்றனர். முன்னாளில் மூன்றடி முன்னும் இரண்டடி பின்னுமாகச் சென்றதுண்டு. அதனால் ஏற்பட்ட நெரிசலையும் குழப்பத்தையும் எண்ணிப் பாருங்கள்! இரண்டாம் உலகப் போருக்குப்பின், 1947 முதல், பின்னடி நின்றது. 2010-இல் யுனெஸ்கோ இதை மானுட மரபுச் செல்வமாகப் பதிவு செய்தது. பாட்டனும் பேரனும் ஒரே கைக்குட்டையின் இரு முனைகளில் துள்ளும் பவனி அது.

பாட்டன் என்றதும் வீட்டிலுள்ள முதியோரை எண்ணாதிருக்க முடியவில்லை. குளியலறை வாசலிலோ மாடிப்படியிலோ கால் இடறி, இடுப்பெலும்பு முறிந்து, அதன்பின் எழாமலேயே போன முதியவர் இல்லாத பங்கு உண்டா? விழுபவர் பெரும்பாலும் நேராக நடக்கும்போது விழுவதில்லை. திரும்பும்போது, நிற்கும்போது, யாரோ அழைத்ததற்கு விடை சொல்லிக்கொண்டே அடி வைக்கும்போது விழுகின்றனர். இரண்டு வேலைகளை ஒரே நேரத்தில் செய்யக் கால் மறந்துவிடுகிறது.

ஜெனிவா நகரில் எமில் ஷாக் தால்குரோஸ் என்ற இசை ஆசிரியர் (1865–1950) ஒரு முறையை வகுத்தார். மாணவர்கள் தாளத்தைத் தாளில் எண்ணினரேயன்றி உடலில் உணரவில்லை என்று கண்டு, அவர்களை எழுந்து நடக்கச் செய்தார். ஆசிரியர் பியானோ வாசிப்பார். அதன் போக்குக்கேற்ப நடக்க வேண்டும், விரைய வேண்டும், திரும்ப வேண்டும், இசை நின்ற கணத்தில் நிற்க வேண்டும். இளையோருக்கென்று வகுத்த இம்முறையை அதே ஜெனிவாவில் மருத்துவர்கள் 65 வயதைத் தாண்டிய 134 பேரிடம் சோதித்தனர். வாரம் ஒரு மணி நேரம், ஆறு மாதம். 2011-இல் வெளியான அவ்வாய்வின்படி, பயின்றவர்களிடையே விழுதல் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. பேசிக்கொண்டே நடக்கும்போதும் அவர்களது அடிகள் சீராக விழுந்தன.

நம் வீடுகளில் பியானோ இல்லை, கைத்தட்டல் போதும். மாலையில் பேரப்பிள்ளை தட்டட்டும். மெல்லத் தட்டினால் மெல்ல, விரைந்து தட்டினால் சற்று விரைய, நிறுத்தினால் நிற்க. முதல் சில நாள்கள் சுவரோரமாகவோ கனமான நாற்காலியைப் பற்றியோ நடப்பது நல்லது. தலைசுற்றல் உடையோர் மருத்துவரைக் கேட்டபின் தொடங்குக. தரையில் ஈரமும் மடங்கிய பாயும் இராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பாட்டியார் தாளம் தவறினால் பிள்ளை சிரிக்கும். அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. சில நாள் கழித்துப் பாட்டியார் தட்டப் பிள்ளை நடக்கலாம். அப்போது தவறுவது யார் என்று பார்க்கலாம்.